சைப்ரஸ் தைலமும் ரூபி மைனியின் இடது காலும்

அக்டோபர் 17, செவ்வாய்

காலையில் படாரென்று ஒரு சத்தம். வீடே இடிந்துவிட்டது என்று ஓடி வந்து பார்த்தால், பின்பக்கத்துச் சைப்ரஸ் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது. கோத்தகிரியில் ஒரு வாரமாக மழையும் காற்றும் போட்டி போடுகின்றன. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் குழம்பாவது கிடைத்திருக்கும்.

"ஆளக் கூப்பிட்டு வெட்டி விறகுக்குப் போட்டுருவோம்" என்றான் அண்ணன் கோயில்பிள்ளை. விறகாம்! தேயிலை ஃபாக்டரியில் கணக்குப் பார்க்கிறவனுக்கு மரம் என்றால் விறகு, இலை என்றால் டீத்தூள். சைப்ரஸ் தைலத்தைப் பட்டணத்துப் பெண்கள் எப்படித் தேடித் தேடி வாங்குகிறார்கள் என்று அவனுக்கு யார் சொல்வது. கோயம்புத்தூரில் சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் அரோமாதெரபி சர்டிஃபிகேட் வாங்கியவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். வீட்டு முன்னறையில் நடத்துகிற என் பார்லரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் புருவம் திருத்திக்கொண்டு போகிறார்கள், அதைப் படிப்பதில்லை.

அண்ணன் மனைவி ரூபி உள்ளேயிருந்து "கோழிக்கு என்னாச்சு, கோழிக்கு என்னாச்சு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். போன மாதம் பாசி படிந்த படியில் வழுக்கி இடது கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக அடுப்படியில் என்னை ஒரு கரண்டியைத் தொடவிட்டதில்லை, இப்போது மூன்று வேளையும் நான். உப்பு குறைவு என்று அவள் சொல்லாமல் சாப்பிடுகிற விதமே எனக்கு எரிச்சல்.

அக்டோபர் 21, சனி

கிளையையெல்லாம் கழித்து, பச்சை இலையை மூட்டை கட்டி, யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிற ஜோகி அண்ணனிடம் ஜீப்பில் கொண்டுபோனேன். "இதென்னம்மா கல்லறைத் தோட்டத்து மரம், இதுல என்ன வரப்போவுது" என்று அலுத்துக்கொண்டார். பெரிய தகர அண்டாவில் அமுக்கி அடைத்து, அடியில் தீ மூட்டி, ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறவரை மழைக்கு ஒதுங்கி நின்றேன். மூட்டை மூட்டையாக இலை போட்டதற்கு ஒரு சின்னக் குப்பி கூட நிறையவில்லை. போகட்டும், நல்ல சரக்கு கொஞ்சமாகத்தான் வரும்.

வாசனை! புதிதாகச் சீவிய பென்சிலும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த மாதிரி. மூச்சை இழுத்தால் நெஞ்சு வரைக்கும் சில்லென்று போகிறது. இருமலுக்கு ஆவி பிடிக்கலாம், கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தால் மனப் படபடப்பு அடங்கும், கால் வியர்வை நாற்றம் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, கால் நரம்புச் சுருட்டலுக்கும் வீக்கத்துக்கும் சைப்ரஸ்தான் என்று வகுப்பில் தனியாகவே சொன்னார்கள். அப்படியே தோலில் போடக்கூடாது, நல்லெண்ணெயில் சில சொட்டு கலந்து, பாதத்திலிருந்து மேலே, இதயத்தைப் பார்த்து நீவ வேண்டும். நோட்ஸ் எடுக்காமலே எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அக்டோபர் 27, வெள்ளி

ரூபிக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் வெளுத்து, தோல் உரிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீக்கம் வந்தால் உடனே வரவேண்டும் என்றும் சொன்னார்களாம். அதெல்லாம் எல்லாருக்கும் சொல்கிற பாட்டுத்தான்.

சாயங்காலம் எண்ணெயைக் கலந்துகொண்டு போய்க் கீழே உட்கார்ந்தேன். "ஐயையோ, எங் கால நீ தொடாத ஹெப்சி, நல்லா இருக்காது" என்று இழுத்துக்கொண்டாள். "மைனி, நான் தொட்டா பாவம் ஒண்ணும் வராது, சும்மா நீட்டுங்க" என்றேன். நீட்டினாள். அவள் காலை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சுண்டுவிரலில் நகமே இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் அம்மி விழுந்ததாம். நான் அப்போது இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் இல்லை.

அக்டோபர் 30, திங்கள்

கணுக்கால் வீக்கம் நன்றாக வடிந்திருக்கிறது. நான் சொல்லவில்லை, அண்ணனே சொன்னான். "பரவால்ல ஹெப்சி, உன் படிப்பு வீண் போகல" என்றான். அவன் வாயிலிருந்து இப்படி ஒன்று வர மரக்கிளை முறிய வேண்டியிருந்தது.

நீவும்போது ரூபி ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் ஊர்க் கதை, அவள் தங்கச்சி கதை. எனக்குத் தலைவலிதான். ஆனாலும் அவள் சொல்கிற விதத்தில் இன்றைக்கு ஒரு தடவை சிரித்துவிட்டேன்.

நவம்பர் 4, சனி

சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில். ஜெபம், பாட்டு, வேதபாடம் முடிந்து சாட்சி நேரம் வந்தது. வழக்கமாகப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் இறங்கியது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சமையலறையில் வடை எடுத்துக்கொண்டிருந்தேன். ரூபி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங் கால் இந்த அளவுக்கு வந்ததுன்னா, ஆண்டவர் எனக்கு எங்க ஹெப்சி கையைக் குடுத்தாரு. தினமும் என் காலடியில உக்காந்து தைலம் போட்டு நீவி விடுதா. கூடப் பொறந்தவ கூடச் செய்யமாட்டா." அப்புறம் அழுதுவிட்டாள். எல்லாரும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் கரண்டியோடு வாசலில் நிற்கிறேன். அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள்.

அதற்குப் பிறகு வடை ஆறினதுதான் மிச்சம். குப்பி கைமாறிக் கைமாறிச் சுற்றியது. முழங்கால், முதுகு, மாமியாரின் குதிகால் என்று ஆளுக்கொரு நோயைச் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரி பியூலா, "அக்கா, புள்ள ராத்திரியெல்லாம் அழுறான், எனக்குத் தூக்கமே இல்ல, எனக்கும் ஒரு பாட்டில் குடுங்க" என்றாள். கோவிலில் அறுப்பின் பண்டிகை வருவதற்குள் மறுபடி காய்ச்சி எல்லாருக்கும் தருகிறேன் என்றேன். ஆயரின் மனைவி, எங்கள் ஆயரம்மா, என் சர்டிஃபிகேட்டை நின்று முழுசாகப் படித்தார்கள்.

இன்றைக்கு மனசு நிறைவாக இருக்கிறது. எழுதினால் என்ன தப்பு.

நவம்பர் 7, செவ்வாய்

ரூபிக்கு இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. கணுக்கால் அல்ல, கெண்டைக்கால். தொட்டால் சூடாக இருக்கிறது. "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவமா?" என்று கேட்டாள். போகலாம் என்றேன். ஆனால் மழை, ஜீப் கிடைப்பது கஷ்டம், இரண்டு நாள் பார்ப்போமே என்றும் சொன்னேன். அவளும் சரி என்றாள். அவள் முடிவுதான்.

சொட்டைக் கூட்டிக் கலந்தேன். இன்றைக்குக் கொஞ்சம் அழுத்தியே நீவினேன்.

நவம்பர் 8, புதன்

வீக்கம் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. கேட்டேன். ஆமாம் என்றாள்.

நவம்பர் 9, வியாழன்

காலையில் ரூபி கோழிக்குத் தீனி போடப் போனவள் கூட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை, உதடு நீலமாகிறது. அண்ணன் ஃபாக்டரியிலிருந்து ஓடி வந்தான். இங்கே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் இறங்குகிறவரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். என் விரலில் சைப்ரஸ் வாசனை. எத்தனை தடவை கழுவியும் போகவில்லை.

கர்த்தாவே.

நவம்பர் 11, சனி

உயிர் பிழைத்துவிட்டாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து இன்னும் வெளியே விடவில்லை.

டாக்டர் எங்களை உள்ளே அழைத்து நிதானமாகச் சொன்னார். சின்ன வயதுப் பெண்தான், கண்ணில் தூக்கம். "மாவுக்கட்டுல கால் அசையாமலே இருந்ததால கெண்டைக்கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. அந்தக் கட்டியில ஒரு துண்டு பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கு. இன்னும் கொஞ்சம் பெரிய துண்டா இருந்தா இங்க வந்தே சேர்ந்திருக்க மாட்டாங்க." அப்புறம் அண்ணனைப் பார்த்து, என்னைப் பார்த்து, "வீக்கம் வந்த கால யாராச்சும் அமுக்கி விட்டீங்களா? தேய்ச்சீங்களா? அப்படிச் செஞ்சா கட்டி நகந்துரும், அதான் கேக்குறேன்" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தான். அதற்குள் கட்டிலில் ரூபி ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி, "இல்ல டாக்டர், யாரும் தொடல" என்றாள்.

காலைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ், "எண்ணெய்ப் பிசுக்கா இருக்கே, வாசனை வேற வருதே" என்றாள்.

"அது ஜெபத்துல வச்ச எண்ணெ. ஆயர் சும்மா நெத்தியிலயும் கால்லயும் பூசிவிட்டாரு" என்றாள் ரூபி. இருக்கிற கொஞ்ச மூச்சில் இவ்வளவு பெரிய பொய். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குக் கெண்டைக்கால் வீக்கத்தைப் பற்றித் தெரியாது. கணுக்காலுக்குத் தைலம் போட்டேன் என்பதுதான் தெரியும், அதுவும் வடிந்தபோதே நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு என்னமோ தொண்டை அடைத்துக்கொண்டது என்று எழுதலாம். தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 13, திங்கள்

செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திருப்பிப் படித்தேன். போகலாம் என்று நான் சொல்லவே இல்லை. மழையைப் பற்றியும் சொல்லவில்லை. அன்றைக்கு மழையே இல்லை.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டதும் நான் சொன்னது இதுதான்: "ஊரக் கூட்டி என் தைலத்தப் பத்திச் சாட்சி சொல்லிட்டு, இப்ப அதே காலோட ஆஸ்பத்திரியில போய் நின்னீங்கன்னா எம் மூஞ்சிய நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

அவள் உடனே, "சரி சரி, அப்ப வேண்டாம், நீயே போட்டு விடு" என்றாள்.

எனக்கு நானே எழுதுகிறதிலும் பொய் எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று இந்த ஜோடனை? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கிறது.

நவம்பர் 20, திங்கள்

மைனியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, நேரம் தவறக்கூடாது. கீரையைக் கூட அளவாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீ மட்டும் அன்னைக்கு வீட்டுல இல்லேன்னா இவ கோழிக்கூட்டு ஓரமா கெடந்தே போயிருப்பா" என்று தேம்பினான். அப்பா செத்தபோது கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. கையை உருவிக்கொண்டு போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மைனி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் குத்திக் காட்டவில்லை. குழம்பில் உப்பு நல்லா இருக்கு என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 23, வியாழன்

பார்லரைத் திறக்கவில்லை. தைலக் குப்பியைக் குப்பையில் போடப் போனேன். போட மனசு வரவில்லை. வெட்கம் கெட்டவள் நான், அதிலும் அந்த வாசனை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. தைலத்தின் மேல் என்ன குற்றம். சைப்ரஸ் மரமா ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொன்னது?

நவம்பர் 26, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதிவிட வேண்டும்.

மைனி ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கோவிலுக்கு வந்தாள். ஆயர் மைக்கைக் கொடுத்தார். நான் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் நல்லது என்றும் இருந்தது. அவளோ, "மரணப் பள்ளத்தாக்குல இருந்து என்னத் தூக்கிவிட்டாரு. எங்க ஹெப்சி தைலமும் ஜெபமும்தான் அதுவரைக்கும் என்னத் தாங்கிச்சு" என்றாள். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பக்கத்திலிருந்தவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நானும் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பியூலா குழந்தையோடு காத்திருக்கிறாள். பக்கத்தில் அவள் மாமியார். "அக்கா, எனக்கும் மைனிக்கு மாதிரியேதான். ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்குது. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போவோம்னாரு, அத்ததான் மொதல்ல ஹெப்சி தைலத்தப் போட்டுப் பாப்போம்னாங்க."

"ரூபி கால எழுப்பின தைலம்லா" என்றார் மாமியார்.

குழந்தை என் சேலை முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. தைலம் தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவே வாய் வரை வந்தது. ஆனால் தைலம் இல்லையென்றால் இந்த அம்மா வீட்டிலிருக்கிற தேங்காயெண்ணெயை ஊற்றித் தேய்ப்பார்.

"பியூலா, கால யாரும் தேய்க்கக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன்.

"என்னக்கா, பயங்காட்டுறீங்க? மைனிக்கு—"

"மைனி பொய் சொன்னாங்க. வீங்கின கால அழுத்தித் தேய்ச்சது நான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னவங்களத் தடுத்ததும் நான். எம் மூஞ்சிக்காகத் தடுத்தேன். அதுலதான் ரத்தக்கட்டு நெஞ்சுக்கு ஏறுச்சு. நீ போ பியூலா, நின்னு பேசாத, போ."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கோவில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் அப்படியே நின்றார்கள். ஆயரம்மா கையிலிருந்த வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். மாமியார், "அடிப் பாவி, அப்ப எதுக்குட்டி உள்ள இருந்து தலைய ஆட்டுன?" என்றார். நியாயமான கேள்வி.

திரும்பினேன். பின்னால் அண்ணன். மைனியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

நவம்பர் 27, திங்கள்

பியூலாவுக்கு ஸ்கேன் எடுத்தார்களாம். ரத்தக்கட்டு ஒன்றும் இல்லை, சாதாரண வீக்கம்தானாம். ஆயரம்மா போனில் சொன்னார்கள். குரலில் பழைய சர்க்கரை இல்லை.

வைத்ததும் எனக்குத் தோன்றிய முதல் நினைப்பு: அட, சொல்லாமலே இருந்திருக்கலாமே. அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்ற சந்தோஷம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதுதான் நான். கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அண்ணன் நான் போட்ட சோற்றைத் தொடவில்லை. "ஒன்னைய மேல படிக்க வைக்கணும்னு அம்மாட்ட சண்ட போட்டவன் நான்" என்று மட்டும் சொன்னான். டிபன் பாக்ஸ் இல்லாமல் ஃபாக்டரிக்குப் போனான்.

நவம்பர் 28, செவ்வாய்

தெற்கே நாசரேத் ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்று துணிகளை எடுத்து வைத்தேன். பையின் ஜிப் சத்தம் கேட்டு மைனி கூப்பிட்டாள். கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எங்க கெளம்புத?"

"சித்தி வீட்டுக்கு."

"மாத்திரைய எனக்கு யாரு எடுத்துத் தருவா? உங்கண்ணனா? அவரு காலையில குடுக்கத சாயங்காலம் குடுப்பாரு."

நான் வாசற்படியிலேயே நின்றேன். இத்தனை நாள் மனசுக்குள் குடைந்ததைக் கேட்டுவிட்டேன். "மைனி, டாக்டர்ட்ட ஏன் பொய் சொன்னீங்க? சபையிலயும் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்கண்ணன் கோவத்துல ஒன்ன வெளிய போன்னுட்டா? நீ எங்க போவ? அதான்."

"அதுக்கு முன்னாடி? அன்னைக்கு நான் ஒரு கிறுக்கி, என்னமோ சொன்னேன். நீங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. நான் நீவும்போது வலிக்குன்னாவது சொல்லியிருக்கலாம்லா."

மைனி போர்வை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். போய்விடலாம் என்று திரும்பினேன்.

"வலிச்சுது ஹெப்சி. கடைசி ரெண்டு நாளும் உசுரு போற வலி."

"பெறகு ஏன்?"

"நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து நீ எம் பக்கத்துல வந்து உக்காந்தது அப்பதான். எங் கதையெல்லாம் கேட்ட. ஒரு நாள் சிரிச்ச. ஆஸ்பத்திரிக்குப் போய் அவங்க மருந்து குடுத்துட்டா நீ மறுபடி உன் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிடுவ. அதான் சொல்லல."

ஜோகி அண்ணனின் அண்டாவில் என்னைப் போட்டுக் காய்ச்சினாலும் ஒரு சொட்டு நல்லது இறங்காது என்று நினைத்தேன். அழக் கூட வெட்கமாக இருந்தது. என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தப் போய், கை தாழ்ப்பாளில் இருக்கும்போதே நின்றுவிட்டேன். சாத்தவில்லை.

நவம்பர் 29, புதன்

அண்ணன் போன பிறகு மாத்திரையும் வெந்நீரும் கொண்டுபோனேன். மைனி கூப்பிடவில்லை. கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மி விழுந்த கதையச் சொல்லுங்க மைனி" என்றேன். சொன்னாள். அம்மியைப் படியிலிருந்து இறக்க ஆள் வேண்டும் என்று அன்றைக்கு அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தானாம். நான் உள்ளே இருந்துகொண்டே குரல் கொடுக்கவில்லையாம். அதைக் கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, அவள் முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.